தோட்டத்துக்கு வந்த போர்த் துப்பாக்கிகள்

பட்டாளம் கழித்த ரைபிளை மலிவாக வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கி, குறிபார்க்கும் கண்ணாடியோடு 19.95 டாலருக்குத் தபாலில் வாங்கியதுதான். கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் நாம் விலை பேசியதில்லை. போரின் மிச்சம் தானாகவே வந்து சேர்ந்தது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அப்போது ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் ரைபிள்கள் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளின் தோளில் ஏறின. 1945-இல் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைந்தபோது ஆயுதங்களில் ஒரு பங்கு காட்டில் ஒளிக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் அவை வெளிவந்தன.

எதிரே பிரிட்டிஷ் படையினரிடம் குட்டையான லீ என்பீல்டு இருந்தது. எடை சுமார் 3.2 கிலோ, புதரில் மாட்டாது. ஆனால் சுட்டால் தோளை உதைக்கும். அதற்காகக் கட்டையின் அடியில் ரப்பர்த் திண்டு வைத்தார்கள். நாம் சீவிய மரத்துப் பால்தானோ, என்னவோ!

அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் அன்று தூக்கு. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. போலீசில் ஒப்படைக்கவே கொண்டுபோனேன் என்றார் அவர். நேருவின் அரசு பரிந்து பேசியது. கேட்பாரில்லை. 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

1960-இல் அவசரகாலம் முடிந்தது. அவ்வாண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிக்கு இன்றும் போலீஸ் அனுமதி வேண்டும். மறுநடவுக்கு மண்ணைக் கிளறும்போது பழைய தோட்டாவோ துருப்பிடித்த குழலோ தென்பட்டால், தொடாமல் போலீசுக்குச் சொல்லியனுப்புங்கள்.