சாலையும் தேசபக்தியும்

தேசபக்தி என்பது என்றும் மாறாத ஒன்று என நாம் எண்ணுகிறோம். ஆனால், நம் சாலைக் கடைவீதி இருபதே ஆண்டுகளில் அச்சொல்லின் பொருள் மாறி மாறி வந்ததைக் கண்டது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த வீதி இது. இங்கே கடை வைத்த நம் முன்னோர்க்குத் தேசம் என்றால் திருவிதாங்கூர். தேசபக்தி என்றால் இராஜவிசுவாசம். 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள் மகாராஜாவிடம் அவர்கள் கொண்ட அன்பு பொய்யன்று.

1946-இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் அமெரிக்க மாதிரியில் அரசியலமைப்பு ஒன்றை முன்வைத்தார். அமெரிக்க ஜனாதிபதியோ தேர்தலில் வருபவர். இங்கோ மன்னர் நியமிக்கும் திவானைச் சட்டசபை அகற்ற இயலாது! “அமெரிக்கன் மாதிரி அரபிக்கடலில்” என்று மக்கள் முழங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர் பலர் சுடப்பட்டு மாண்டனர்.

1947 ஜூன் 11-ஆம் நாள், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-இல் அவர் வெட்டுண்டார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். நேற்றைய இராஜத்துரோகி இன்றைய தேசபக்தன் ஆனான். அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 1776-இல் கலகக்காரர் எனப்பட்டோர் பின்னர் தேசபிதாக்கள் ஆயினர். ஆங்கில மன்னரை விடாது பற்றியிருந்தோர் பல்லாயிரவர் நாடு துறந்து கனடா முதலிய இடங்களுக்குச் சென்றனர்.

அடுத்து மொழி வந்தது. மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர் தாயகத்தோடு இணையப் போராடினர். 1954 ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. சாலை கேரளத்தில் நின்றது.

என் பாட்டனார் அன்று சாலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதி வந்தார். அவர் இடம் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. நாகர்கோவில் உறவினர், “இன்னும் ஏன் அங்கே இருக்கிறீர்?” என்றனராம். இங்குள்ள சிலரோ, “நீர் எந்தப் பக்கம்?” என்றனராம். இருவருக்கும் அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாளும் கடைக்குச் சென்றார். மலையாளத்தாரும் தமிழரும் வாங்கிய சரக்கை ஒரே பேரேட்டில் எழுதினார். வீட்டிலோ பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைத் தாமே கற்பித்தார்.

ஆட்சிகள் மாறும், கொடிகள் மாறும். உடன் வாழ்வோர்க்கு நேர்மையும், அநீதியைக் கண்டால் அஞ்சாது உரைக்கும் துணிவும், தாய்மொழிப் பற்றும் மாறவேண்டியதில்லை. நம் காலனிச் சிறுவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: எவரையும் துரோகி என்று இகழுமுன், சாலையின் சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.