74 விழுக்காடு யாருடையது?

எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றத்தைச் சுமப்பவர்களுள் எத்தனை பேருக்குப் பார்க்கின்சன் நோய் வரும்? 59 வயதுக்குள் 28 விழுக்காடு, 69க்குள் 51, 79க்குள் 74 என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விடை. 2008இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வின் கணக்கு இது. இம்மாற்றம் தனித்து நின்று நோயை உண்டாக்கவல்லது என்ற கருத்துக்கு இது ஊன்றுகோலாக நின்றது. 74 என்ற எண்ணில் மரபணுவின் பங்கோடு, குடும்பங்கள் ஆய்வுக்கு வந்து சேர்ந்த வழியின் பங்கும் கணிசமாகக் கலந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

அக்கணக்குக்குப் பின்னால் 133 குடும்பங்கள் உள்ளன. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் கை நடுங்கினால் அது முதுமையின் கணக்கில் சேர்ந்துவிடும். தந்தை, அத்தை, அண்ணன் என மூவருக்கு வந்தால்தான் செய்தி மரபியல் ஆய்வகம்வரை போகும். எனவே நோய் மிகுந்த குடும்பங்களே கணக்கில் மிகுதியாகச் சேர்ந்து எண்ணை உயர்த்தியிருக்கலாம் என்பது என் ஐயம்.

இந்த ஐயத்துக்கு அதே ஆய்விலேயே சான்று உண்டு. குடும்பப் பின்னணி உள்ள நோயாளிகளில் 4 விழுக்காட்டினரிடமும், அது இல்லாதவர்களில் 1 விழுக்காட்டினரிடமும் இம்மாற்றம் காணப்பட்டது. பின்னணி உள்ளோர் நூற்றுக்கு 15 பேர் என்று கொள்வோம். 1000 நோயாளிகளில் அவர்கள் பக்கம் 6 சுமப்போர். மற்றப் பக்கம் 8 அல்லது 9. ஆக, சுமக்கும் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரின் வீட்டில் முன்பு எவருக்கும் நோய் தெரியவில்லை. இம்மாற்றம் பெரும்பாலும் பழைய மூதாதையர் வழியாக வந்தது. ஆகவே பெற்றோரில் ஒருவர் சுமந்திருக்க வேண்டும். நான்கில் மூவருக்கு நோய் வருவது உண்மையானால் இத்தனை பெற்றோர் எப்படித் தப்பினர்? இளமையில் இறந்தோர், சிறு குடும்பங்கள் என்ற விளக்கங்கள் ஓரளவே உதவும்.

ஆய்வுக்கு வந்த நோயாளியை விட்டுவிட்டு, அவருடைய உறவினரை மட்டும் கணக்கில் எடுத்த பிந்தைய ஆய்வுகள் இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கின்றன. 2015இல் அஷ்கெனாசி யூத நோயாளிகள் 474 பேரின் உறவினர் 2,270 பேரைக் கொண்டு செய்த மதிப்பீடு, 80 வயதுவரை 26 விழுக்காடு என்றது. இது அச்சமூகத்தின் தனித்தன்மை என்று வாதிடலாம். அந்த வாதத்தை முற்றாகத் தள்ள மாட்டேன். ஆனால் 2017இல் அச்சமூகத்தைச் சேராதோரிடம் கிடைத்தது 42.5 விழுக்காடு; அதன் நம்பக எல்லை 26.3 முதல் 65.8 வரை. மேல் எல்லைகூட 74ஐத் தொடவில்லை. உறவினர் வாய்மொழியில் இலேசான நோய் விடுபடும் என்ற மறுப்பும் உண்டு. 26ஐ 74 ஆக்க, மூன்றில் இரு நோயாளிகள் வீட்டாரின் கண்ணுக்கே தப்பியிருக்க வேண்டும். அதை ஏற்பது கடினம்.

இதை ஏட்டுச் சண்டையென்று ஒதுக்க முடியாது. நலமாக உள்ள சுமப்போரிடம் தடுப்பு மருந்தைச் சோதிப்பவர் எத்தனை பேரை, எத்தனை ஆண்டு பின்தொடர வேண்டும் என்பது இவ்வெண்ணைப் பொறுத்தது. மரபணுச் சோதனை முடிவுத்தாளோடு மருத்துவர்முன் அமர்ந்திருப்பவருக்கும், எந்த மக்களிடம், எவ்வழியில் திரட்டிய எண் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.