காயமும் ஒப்பந்தமும்

ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே உடல் ஒத்துழைக்காமல் ஒரு தொழில்முறை வீரர் ஆட்டத்தை விடுவது ‘காயத்தால் ஓய்வு’ எனப்படுகிறது. அப்போது மீதிச் சம்பளம் என்ன ஆகும் என்பதற்கு விளையாட்டுக்கு விளையாட்டு விடை வேறு. ‘ஓய்வு’ என்று எப்போது, யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பல கோடி டாலர் கைமாறும்.

பேஸ்பால்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகைக்குப் பொதுவாக முழு உத்தரவாதம் உண்டு. காயம்பட்டவர் களம் இறங்காவிட்டாலும் சம்பளம் வரும். தானாக ஓய்வு பெற்றால் மீதி போய்விடும். அதனால்தான் இனி மட்டை பிடிக்கவே முடியாது என்றான பிறகும் சிலர் காயப் பட்டியலிலேயே தொடர்கிறார்கள். அதைப் பேராசை என்பது அநியாயம். அது அவர்கள் உடலை வைத்து ஏற்கெனவே சம்பாதித்த உரிமை.

2016 ஆகஸ்ட் 10 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் வீரர் பிரின்ஸ் ஃபீல்டர் கழுத்தில் பட்டை அணிந்து, இரு மகன்கள் பக்கத்தில் நிற்க, செய்தியாளர்கள் முன் அழுதார். கழுத்தில் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மருத்துவர்கள் ஆட அனுமதிக்கவில்லை. வயது 32. அவர் அடித்த ஹோம் ரன்கள் 319; தந்தை செசில் ஃபீல்டர் அடித்தவையும் அதே 319. அன்று அவர் முறைப்படி ஓய்வு பெறவில்லை. 2012இல் டெட்ராய்ட் டைகர்ஸுடன் போட்ட 9 ஆண்டு, 21.4 கோடி டாலர் ஒப்பந்தம் 2020 வரை செல்லுபடியானது. ஆண்டுக்கு 2.4 கோடி டாலரில் ரேஞ்சர்ஸ் 90 லட்சம், காப்பீட்டு நிறுவனம் 90 லட்சம், பழைய அணியான டைகர்ஸ் 60 லட்சம் என்று பங்கு பிரிந்தது.

காப்பீடு இல்லையென்றால் சுமை முழுவதும் அணியின் தலையில்தான். 2019 உலகத் தொடரின் சிறந்த வீரரான ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் அந்த டிசம்பரிலேயே 7 ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் தந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கும் கோளாறு அவரை முடக்கியது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின் ஆடியவை எட்டே ஆட்டங்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த ஓய்வு அறிவிப்பு நின்றுபோய், 2024 ஏப்ரலில்தான் ஓய்வு பதிவானது.

அமெரிக்கக் கால்பந்து

என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் உத்தரவாதம் குறைவு. கையெழுத்துப் போட்டதும் தரும் தொகையில், ஆடாத ஆண்டுகளுக்கான பங்கை அணி திரும்பக் கேட்கலாம். தோள், கெண்டைக்கால், கணுக்கால் என்று ஆண்டுக்கணக்கில் வலியோடு மல்லாடிய ஆண்ட்ரூ லக், 2019 ஆகஸ்ட் 24 அன்று 29 வயதில் விலகினார். மைதானத்தைவிட்டு அவர் நடந்தபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். அவருடைய அணியான இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸோ, கேட்டிருக்கக்கூடிய சுமார் 2.48 கோடி டாலரைக் கேட்கவில்லை. வரவிருந்த சம்பளத்தை லக் விட்டுக்கொடுத்தார்.

கால்பந்து

தேசிய அணிக்காக ஆடும்போது வீரர் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் முடங்கினால், அவர் சம்பளத்துக்காகக் கிளப்புக்கு ஃபிஃபா ஈடு தருகிறது. ஒரு வீரருக்கு உச்சவரம்பு 75 லட்சம் யூரோ. காலம் அதிகபட்சம் ஓராண்டு. ஓய்வைத் தள்ளிப்போட்டுக் காத்திருப்பது கால்பந்திலும் உண்டு. டச்சு வீரர் மார்கோ வான் பாஸ்டன் 1993 மே மாதம் கடைசியாக ஆடிவிட்டு, கணுக்கால் குணமாகும் என்று இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 1995 ஆகஸ்டில் 30 வயதில் ஓய்வை அறிவித்தார்.