சாகாத்திறன் பிறந்த கதை

1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வெளிவந்தபோது சாவுக்கு ஒரே விதிதான்: உயிர்ப்புள்ளி பூஜ்யமா, ஆள் காலி. முதல் நிலை மந்திரவாதிக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்பதை ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டி முடிவு செய்வார்கள். எதிரியின் வாள்வீச்சு எத்தனை பறிக்கும் என்பதற்கும் அதே பகடைதான். முதல் அடியிலேயே கதை முடிந்துவிடலாம். இத்தனைக்கும் உயிர்ப்புள்ளி என்ற ஏற்பாடே இரக்கத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் மினசோட்டாவில் நண்பர்களோடு ஆடியபோது, ஒரே அடியில் தங்கள் பாத்திரம் சாவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் உயிர்ப்புள்ளியைக் கொண்டுவந்தார்.

1979-இல் ஆட்டத்தை உருவாக்கிய மற்றொருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய டன்ஜன் மாஸ்டர் கையேடு பூஜ்யத்துக்குக் கீழேயும் இடம் விட்டது. பூஜ்யத்தில் மயக்கம், பிறகு சுற்றுக்கு ஒரு புள்ளி வடியும், மைனஸ் பத்தில் மரணம். அதற்குள் தோழர் யாராவது ஓடிவந்து கட்டுப்போட வேண்டும்.

சாகாத்திறன்களின் விதை அங்கேதான் விழுந்தது என்பேன். சாவுக்கு முன் கொஞ்சம் இடம் இருந்தால்தானே அங்கே நின்று போராடும் வீரனை நினைத்துப் பார்க்க முடியும்? 2003-இல் வந்த 3.5 பதிப்பின் ‘டைஹார்ட்’ அப்படிப்பட்ட திறன். மைனஸ் கணக்கில் மற்றவர்கள் நினைவிழந்து கிடக்கும்போது, இவர் மட்டும் நின்று வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் தன் உயிரில் ஒரு புள்ளி போகும். மைனஸ் ஏழில் நிற்பவருக்கு மிச்சம் மூன்றே வெட்டு. மூன்றாவதோடு அவரும் விழுவார்.

2008-இல் நான்காம் பதிப்பு சாவுச் சோதனையைக் கொண்டுவந்தது: இருபதுமுகப் பகடையில் மூன்று முறை தோற்றால் மரணம். 2014-இல் ஐந்தாம் பதிப்பு மைனஸ் கணக்கையே எடுத்துவிட்டது. இனி டைஹார்ட் எங்கே நிற்கும்? ஹாஃப்-ஆர்க் இனத்துக்கு வேறு மாதிரி எழுதினார்கள்: பூஜ்யத்துக்கு விழ வேண்டியவர் ஒரு புள்ளியோடு தப்புவார், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. கூடவே ஒரு நிபந்தனை: அந்த அடி அவரை உடனே கொன்றிருக்கக் கூடாது.

பழையபடி பூஜ்யமே சாவு என்று ஆடும் மேசைகளில் அந்த நிபந்தனைதான் குழப்பும். சொல்லுக்குச் சொல் படித்தால் ஹாஃப்-ஆர்க்கின் திறனும் அங்கே செத்துப்போகிறது. நான் நிபந்தனையை அடித்துவிடுவேன். சாகக்கிடப்பவரை நிலைப்படுத்தும் ‘ஸ்பேர் த டையிங்’ மந்திரமோ செல்லாக்காசாகிவிடும். அதைக் கற்ற க்ளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரத்துக்கு) வேறு மந்திரம் எடுக்க வாய்ப்பு தருவதே நியாயம். மைனஸ் பத்தைத் திரும்பக் கொண்டுவருபவர்கள், ஹாஃப்-ஆர்க்கை ஒரு சுற்று மைனஸிலேயே நின்று போராட விடலாம்.

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக அமர்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவு விதியை மாற்றினால், ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய பாத்திரத் தாளையும் வாங்கிப் பாருங்கள். பூஜ்யம் என்று வரும் ஒவ்வொரு வரியையும் ஆடுபவரோடு சேர்ந்து திருத்திக் கொடுங்கள்.