ஆட்டமும் கூலியும்



திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. அவ்வூர்ப் பட்டுப் புடவையை அறியாத தமிழ் இல்லம் அரிது. ஆனால், அப்புடவையை நெய்தவர் பெயரை அறிந்த இல்லம் அதனினும் அரிது. நெசவாளர் தெருவில் தறியின் ஒலி விடியற்காலையிலேயே எழுந்துவிடும். தந்தை குழித்தறியில் அமர்ந்து நெய்வார். தாய் தார் சுற்றுவார். வீட்டு முதியோர் அறுந்த இழைகளைத் தேடி முடிந்து கொடுப்பர். இவர்களுள் பலர் கூலி நெசவு செய்வோர். பட்டையும் ஜரிகையையும் வேறொருவர் கொடுக்க, புடவை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிய கூலிக்கு நெய்து தருவோர். மணப்பந்தலில் அப்புடவையைக் கண்டு, கரையின் அழகைப் புகழ்வோர் பலர். அக்கரையை நெய்த கைக்குக் கிடைத்த கூலி என்ன என்று வினவுவோர் மிகச் சிலரே.

கைத்திறனுக்குப் புகழ் வேண்டும். அதனை யாரும் மறுப்பதில்லை. ஆனால் புகழை உலையிலிட்டுச் சோறாக்க முடியாது. இவ்வுண்மை தறிக்கு மட்டும் உரியதன்று, ஆடுகளத்திற்கும் உரியது. விளையாட்டையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஓர் ஆட்டக்காரரின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அவர் தமிழ்ப் பெற்றோரின் மகன்; இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராக விளங்கிய தன்ராஜ் பிள்ளை. அவர் வாழ்க்கையை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டுமானால், விளையாட்டு எவ்வாறு ஒரு தொழிலாயிற்று என்பதை முதலில் சிறிது காண வேண்டும். அதற்கு நாம் கனடா நாட்டிற்குச் செல்வோம்.

கனடாவில் குளிர்காலம் நெடியது. ஏரிகளும் ஆறுகளும் உறைந்து பாறைபோல் இறுகிவிடும். அப்பனித்தரையின்மீது, காலணியில் எஃகுத் தகடு பொருத்திச் சறுக்கிச் சென்று, வளைந்த கோலால் ஆடும் ஆட்டமே பனித்தரை ஹாக்கி. அதில் பந்திற்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டு ஒன்றை அடித்து ஆடுவர். 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மாண்ட்ரியால் நகரில், கூரையுள்ள அரங்கொன்றில், முன்னரே விளம்பரம் செய்யப்பட்ட போட்டியாக அது ஆடப்பட்டது. முதலில் பொழுதுபோக்காக இருந்த இவ்வாட்டம், காண்போர் கூட்டம் பெருகப் பெருக வாணிகமாக வளர்ந்தது. 1917இல் மாண்ட்ரியாலிலேயே தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்புத் தோன்றியது. குழுக்களுக்கு முதலாளிகள் இருந்தனர். அரங்கத்திற்கு நுழைவுக் கட்டணம் இருந்தது. ஆட்டக்காரர்க்குச் சம்பளமும் இருந்தது. விளையாட்டு ஒரு தொழிலாகிவிட்டது.

தொழில் என்று ஆனபின் கூலிப் பூசல் வாராதிருக்குமா? 1924-25ஆம் ஆண்டுப் பருவத்தில், ஹாமில்டன் என்ற ஊரின் குழு பட்டியலில் முதலிடம் பெற்றது. அதற்கு முந்திய பருவத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் 24 ஆட்டங்கள், இப்பருவத்திலோ 30. ஆட்டங்கள் மிகுந்தன, வசூலும் மிகுந்தது, சம்பளம் மட்டும் மிகவில்லை. ஆகவே ஹாமில்டன் ஆட்டக்காரர்கள், தலைக்கு 200 டாலர் கூடுதலாகத் தந்தாலன்றி இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆடுவதில்லை என்று உறுதியாகக் கூறிவிட்டனர். லீக்கின் தலைவர் அவர்களை நீக்கிவைத்து, தண்டமும் விதித்தார். பின்னர் அவ்வாட்டக்காரர்கள் 75,000 டாலருக்கு நியூயார்க்குக் குழுவொன்றிற்கு விற்கப்பட்டனர். தலைக்கு 200 டாலர் கேட்டது குற்றம் என்றவர்களுக்கு, அவர்களையே விலைபேசி விற்பது குற்றமாகத் தோன்றவில்லை. அன்று குழுவை இழந்த ஹாமில்டன் நகரத்திற்கு அந்த லீக்கில் மீண்டும் இடம் கிடைக்கவேயில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. டெட்ராய்ட் குழுவில் டெட் லிண்ட்சே என்ற வீரர் இருந்தார். 1950, 1952, 1954, 1955 ஆகிய நான்கு ஆண்டுகளில் அக்குழு ஸ்டான்லி கோப்பையை வென்றபோது முன்னணியில் நின்றவர் அவர். ஆட்டக்காரர்களின் ஓய்வூதிய நிதிக் கணக்கைக் காட்டுமாறு அவர் கேட்டார், காட்ட மறுத்தனர். எனவே 1957இல் தோழர்களைத் திரட்டி ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்தார். அந்தப் பருவத்தில் அவர் மிகச் சிறப்பாக ஆடியிருந்தார். ஆயினும் அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே, பட்டியலின் அடியில் கிடந்த சிகாகோ குழுவிற்கு அவரை மாற்றிவிட்டனர். சங்கம் விரைவில் கலைந்தது. எனினும் அவர் முயற்சி முற்றும் வீணாகவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் போன்ற சில உரிமைகள் 1958இல் கிடைத்தன. 1967இல் நிலையான சங்கமும் உருவாயிற்று. இன்று அந்த லீக்கில், ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த வீரர்க்கு வழங்கப்படும் விருது லிண்ட்சேயின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நீக்கப்பட்டவரின் பெயர் விருதாக நிலைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் ஹாக்கி புல்தரை ஆட்டமாக வளர்ந்தது. 1928 முதல் 1956 வரை நடைபெற்ற ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வென்ற பெருமை இந்தியாவுக்கு உண்டு. ஆனால் அந்நாளில் ஒலிம்பிக்கில் ஆடுவோர், ஆட்டத்திற்காகப் பணம் பெறாத அமெச்சூர்களாக இருத்தல் வேண்டும் என்பது விதி. பணம் பெறாது ஆடுவதே உயர்ந்தது என்னும் இக்கொள்கை, சொத்தும் ஓய்வும் உடையவர்கள் வகுத்தது. சொத்தில்லாதவன் என் செய்வான்? பகலெல்லாம் உழைத்துவிட்டு, எஞ்சிய பொழுதில் ஆட வேண்டும். நம் வீரர்கள் இராணுவத்திலும் இரயில்வேயிலும் காவல் துறையிலும் வங்கிகளிலும் வேலை பார்த்தே வயிறு வளர்த்தனர். தியான்சந்த் ஒரு படைவீரர். தமிழகத்திலிருந்து சென்று 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற விக்டர் ஜான் பீட்டரும் இராணுவத்தைச் சார்ந்தவரே. 1980இல் மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் என்னும் தமிழர் தலைமையில் இந்தியக் குழு, இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொணர்ந்தது. அதன்பின் இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் பெறவில்லை.

அந்த மாஸ்கோ வெற்றியின்போது தன்ராஜுக்கு வயது பன்னிரண்டு. அவர் 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், புனேயை அடுத்த கட்கியில் பிறந்தார். கட்கி ஒரு பாளையம். அங்கே படைக்கலத் தொழிற்சாலை ஒன்று உண்டு. அத்தொழிற்சாலைக் குடியிருப்பின் ஆடுகளத்தைப் பேணும் பணியில் இருந்தவர் அவருடைய தந்தை நாகலிங்கம். தாயார் ஆண்டாளம்மா. ஆண்மக்கள் ஐவர், வருவாயோ சிறிது. 'செல்வத்திற்கு அரசன்' என்று பொருள்படும் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு, ஒரு நல்ல ஹாக்கி மட்டை வாங்கவும் வழியில்லை. பிறர் ஆடி உடைத்தெறிந்த மட்டைகளை எடுத்து ஒட்டியும் கட்டியும் சகோதரர்கள் ஆடினர். தேய்ந்து ஒதுக்கிய பந்துகளே அவர்களுக்குப் பந்துகள். ஆயினும் பிள்ளைகள் ஆடுவதைத் தாயார் தடுக்கவில்லை, ஊக்கினார்.

தமையனார் ரமேஷ் பம்பாயில் ஒரு நிறுவனத்தின் குழுவில் ஆடியவர், இந்தியாவுக்காகவும் ஆடியவர். 1980களின் நடுவில் அவர் தம்பியைப் பம்பாய்க்கு அழைத்துச் சென்று, ஆட்ட நுணுக்கங்களில் பழக்கினார். மாஸ்கோ வெற்றியில் பங்குகொண்ட முகமது ஷாகித்தின் ஆட்டமே தன்ராஜுக்கு இலக்கணம். பந்தைக் கோலோடு ஒட்டிவைத்தாற்போல் கொண்டு, எதிரிகளின் நடுவே மின்னலென ஓடும் வன்மை அவருக்கு விரைவில் கைவந்தது. மகிந்திரா நிறுவனத்தின் குழுவில் இடம் கிடைத்தது. 1989இல் புது தில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடினார்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள். 1992, 1996, 2000, 2004 என நான்கு ஒலிம்பிக் போட்டிகள். நான்கு உலகக் கோப்பைப் போட்டிகள். நான்கு ஆசிய விளையாட்டுகள். ஆக 339 சர்வதேச ஆட்டங்கள். 1994இல் சிட்னி உலகக் கோப்பைக்குப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகப் பதினொருவரில் இந்தியர் அவர் ஒருவரே. எனினும் ஒரு குறையை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. இவ்வளவு ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் எத்தனை என்பதற்கு முறையான கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. மதிப்பீடுகளே உண்டு, அவ்வளவே. மணப்பெண்ணின் புடவையில் நெசவாளர் பெயர் இல்லாததுபோல், நாட்டின் ஏட்டில் அவர் கோல்களின் எண் இல்லை.

ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அவருக்கு வெளிநாடுகளில் கிட்டியது. இலண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மலேசியாவிலும் வங்கதேசத்திலும் சில மன்றங்கள் எனப் பல இடங்களில் ஆடினார். வெளிநாட்டு மன்றங்கள் திறமைக்கு விலை கொடுத்தன. தாய்நாட்டுக் குழுவிலோ, ஆட்டக்காரர்க்குரிய தொகை சிறிது. அதுவும் உரிய காலத்தில் வருவதில்லை என்பது அவர் மனக்குறை. குழுவின் தலைவர் என்ற முறையில், தமக்காக மட்டுமன்றித் தோழர்களுக்காகவும் அக்குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவர் நாவில் காரம் மிகுதி. சினம் எளிதில் வரும். அதனை அவர் நண்பர்களும் மறுப்பதில்லை. ஆனால் சொல்லின் காரத்தால் கோரிக்கையின் நியாயம் குறைந்துவிடாது.

1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பாங்காக் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், அவர் தலைமையில் இந்தியக் குழு தென் கொரியாவை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்று 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடு மகிழ்ந்தது. ஆனால் அடுத்த குழுவை அறிவித்தபோது, தலைவர் தன்ராஜின் பெயரே அதில் இல்லை! மூத்த ஆட்டக்காரர் சிலர் பெயரும் இல்லை. பயிற்சியாளரும் மாற்றப்பட்டார். மூத்தவர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது என்பது நிர்வாகத்தின் விளக்கம். ஊதியத்தைப் பற்றி வாய்திறந்ததன் விளைவு இது என்றே பலரும் கருதினர். ஹாமில்டன் ஆட்டக்காரர்களையும் டெட் லிண்ட்சேயையும் இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். பனித்தரையாயினும் புல்தரையாயினும், கூலி கேட்டவன் கண்ட வழி ஒன்றாகவே இருந்திருக்கிறது.

தன்ராஜ் மனம் தளரவில்லை. மீண்டும் குழுவில் இடம் பெற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், போலந்துக்கு எதிரே வென்றால் அரையிறுதி என்ற நிலை. இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது, அரையிறுதி கைநழுவியது. ஒலிம்பிக் பதக்கம் ஒன்று பெறவேண்டும் என்ற அவர் கனவு கடைசிவரை நிறைவேறவில்லை. ஆயினும் 2003இல் கோலாலம்பூரில், அவர் தலைமையில் இந்தியா ஆசியக் கோப்பையை முதன்முறையாக வென்றது; இறுதி ஆட்டத்தில் தோற்றது பாகிஸ்தான். அடுத்த ஆண்டு ஏதன்ஸ் ஒலிம்பிக்கோடு அவர் சர்வதேச ஆட்ட வாழ்வு நிறைவுற்றது. அர்ஜுனா விருதும், கேல் ரத்னா விருதும், பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

அவர் கேட்டது என்ன ஆயிற்று? 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கப்பட்டபோது, ஓய்வு பெறும் வயதிலிருந்த தன்ராஜும் அதில் ஆடினார். 2013இல் தோன்றிய ஹாக்கி இந்தியா லீக்கில், ஆட்டக்காரர்களை ஏலமுறையில் பொருள் கொடுத்து எடுக்கும் வழக்கம் வந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்த அந்த லீக், 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஹாக்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 2024இல் பாரிஸிலும் பெற்றது. இவையெல்லாம் ஊதியத்தால் மட்டுமே விளைந்தன என்று நான் கூறவில்லை. பயிற்சியும் ஒழுங்கும் செயற்கைத் தளங்களும் இன்றியமையாதன. ஆனால் நாளைய சோற்றைப் பற்றிய கவலை இல்லாதவனே இன்றைய ஆட்டத்தில் மனத்தை முழுதும் வைக்க இயலும் என்பது தெளிவு.

மாணவர்களே! பணத்திற்காக ஆடுபவன் நாட்டிற்காக ஆடமாட்டான் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆரணி நெசவாளரைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்குத் துணிவு வருமா? கூலிக்கு நெய்கிறார் என்பதற்காக அவர் இழையில் கவனம் குறைகிறதா? ஒற்றை இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, முடிந்து, பின்னரே நெசவைத் தொடர்கிறார். அந்தக் கவனம் கூலியினால் வந்ததன்று. தொழிலின்மேல் கொண்ட அன்பினால் வந்தது. ஆனால் கூலி இல்லையேல், அவ்வளவு அன்பு இருந்தும் அவர் பிள்ளை தறியில் அமரமாட்டான். வேறு வேலை தேடிச் செல்வான். அன்று அத்தொழில் அவரோடு முடியும்.

தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை காட்டுவதும் இதுவே. ஒட்டுப்போட்ட மட்டையோடு தொடங்கியவர், ஆட்டத்தின்மேல் கொண்ட காதலை ஒருநாளும் கைவிடவில்லை. ஆட்டக்காரனுக்கும் உரிய ஊதியம் வேண்டும் என்ற சொல்லையும் கைவிடவில்லை. இரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருத்தல் கூடும். அடுத்த முறை நீங்கள் ஒரு வீரருக்குக் கைதட்டும்போதோ, ஒரு பட்டுப் புடவையின் அழகை வியக்கும்போதோ, அதற்கு உழைத்தவர் பெற்றது என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அப்படி எண்ணுவோர் பெருகினால், திறமையும் பெருகும்; தொழிலும் நிலைக்கும்.