விம்மலை எண்ணி ஓசையை அளந்தவர்கள்



கோயில் பஜனையில் பழைய ஆர்மோனியப் பெட்டி வாசிக்கும்போது, ஒரே கட்டையை அழுத்தினாலும் ஓசை சீராக வராமல் ‘உவ்… உவ்…’ என்று ஏறி இறங்குவதை நாம் கேட்டிருப்போம். அந்தக் கட்டைக்குரிய இரண்டு ரீடுகளில் ஒன்று சுருதி பிசகி, மற்றதைவிடச் சற்று வேகமாக அதிர்கிறது. இரண்டு அலைகளும் ஒத்து வரும் கணத்தில் ஓசை பெருகும். ஒன்று காற்றை முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்கும் கணத்தில் அடங்கும். இதை விம்மல் என்கிறோம்.

ஐரோப்பாவில் ஆர்கன் என்னும் பெரிய குழல்வாத்தியத்தைச் செய்தவர்கள், விம்மல் மறையும்வரை குழல்களைத் திருத்துவார்கள். அவர்களுக்கு அது பிழையின் அடையாளம். அதையே அளவுகோலாக்கியவர் ஜோசப் சோவேர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் (1653–1716). சிறுவயதில் இவருக்கு நெடுநாள் பேச்சு வரவில்லை, காதும் மந்தம். காது மந்தமானவருக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சுருதி பார்க்க இசைவாணர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர் தேடியது இனிமையை அல்ல, எண்ணிக்கையை.

நீண்ட தந்தி மெதுவாக ஆடினால் கண்ணால் எண்ணிவிடலாம். குழலுக்குள் அதிரும் காற்றை எப்படி எண்ணுவது?

1700ஆம் ஆண்டளவில் சோவேர், தாழ்ந்த சுரமுள்ள இரண்டு குழல்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்தார். ஒன்று 24 முறை அதிரும் நேரத்தில் மற்றது 25 முறை அதிரும். ஓர் அதிர்வு முந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு விம்மல். விநாடிக்கு 4 விம்மல் கேட்டது. அப்படியானால் ஒரு குழலுக்கு 96 அதிர்வு, மற்றதற்கு 100. நம் பிள்ளைகள் சிலேட்டில் போடும் பெருக்கல்தான்!

ஆனால் அந்த 24க்கு 25 என்ற விகிதம் சிறிது தவறினாலும் விடை வெகுவாக மாறிவிடும். இந்தக் குறையைத் தீர்த்தவர் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்துப் பட்டு உற்பத்தியாளர் யோஹான் ஷைப்ளர். அவர் 56 இசைக்கவைகளை வரிசையாக வைத்தார். அடுத்தடுத்த இரண்டு கவைகளுக்கிடையே விநாடிக்கு ஏறக்குறைய 4 விம்மல். கடைசிக் கவை முதற் கவையின் மேல் சுருதி, அதாவது இருமடங்கு அதிர்வு. இடையே 55 இடைவெளிகள். நான்கு நான்காகக் கூட்டினால் 220. ஆகவே முதற் கவை 220, கடைசிக் கவை 440.

1834இல் ஸ்டுட்கார்ட் நகரில் கூடியவர்களிடம், எல்லா வாத்தியங்களுக்கும் பொதுச் சுருதியாக இந்த 440ஐ அவர் முன்வைத்தார். 1939இல் லண்டனில் கூடிய அனைத்துலக மாநாடும் அந்த எண்ணையே ஏற்றது.