ஒரு பித்தளைக் கூட்டின் கதை

துப்பாக்கியின் விசையை அழுத்தினால் தோட்டா முழுவதுமாகப் பறந்து போகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமா சுவரொட்டிகளிலும் அப்படித்தான் வரைகிறார்கள். உண்மையில் பறப்பது நுனியில் இருக்கும் குண்டு மட்டுமே. அதைத் தாங்கியிருந்த பித்தளைக் கூடு துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பூட்டை இழுத்தால் பக்கத்தில் வந்து விழுகிறது.

ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள். அடியில் ஒரு கேப்பு, நாம் தீபாவளிக்கு வெடித்த கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருந்து, குண்டு, இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரு வெடியோடு தீர்ந்துவிடும். நான்காவது தீராது. விலையில் பெரும்பங்கும் அதற்குத்தான். காலி சீசாவைத் திருப்பிக் கொடுத்து கோலி சோடா வாங்கிய நமக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை. புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் அதே கூடு மறுபடி உழைக்கும். அமெரிக்காவில் இதை வீட்டு மேசையிலேயே செய்கிறார்கள். பிரான்ஸில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களும் சங்கத்தில் சுடுபவர்களும் செய்கிறார்கள். அங்கே இதற்கு ‘ரெஷார்ஜ்மான்’ என்று பெயர். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதை வரலாறாகப் படியுங்கள், செய்முறையாக அல்ல.

இந்தக் கூடு எதற்காக வந்தது என்பதைப் பிரான்ஸிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். சுவிட்சர்லாந்துக்காரரான பௌலி என்பவர் 1812-இல் பாரிஸில், பின்பக்கமாகத் தோட்டாவை இட்டு மூடும் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தோட்டாவின் அடிப்பகுதியை உலோகத்தில் செய்து, வெடிக்கத் தூண்டும் மருந்தையும் அதிலேயே வைத்தார். யோசனை சரி, காலம்தான் முந்திவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து 1866-இல் பிரெஞ்சுப் படைக்கு வந்த ஷாஸ்போ ரைபிளில்கூடத் தோட்டா காகிதமும் துணியுமாகத்தான் இருந்தது. வெடிக்கும்போது வாயு பின்பக்கம், அதாவது சுடுபவன் முகத்துப் பக்கம், கசியாமல் இருக்கப் பூட்டில் ஒரு ரப்பர் வளையம் வைத்தார்கள். சூட்டில் அது கெட்டியாகி வெடிப்பு விடும். 1870-71 ஜெர்மானிய யுத்தம் முடிந்ததும் செய்த சீர்திருத்தங்களில் ஒன்று, அந்த ரைபிளைப் பித்தளைத் தோட்டாவுக்கு மாற்றியது. அதுதான் 1874-ஆம் வருடத்து ‘க்ரா’ ரைபிள்.

பித்தளை செய்யும் வேலை இதுதான். மருந்து எரியும் கணத்தில் கூடு பலூன்போல விரிந்து அறையின் சுவரில் அப்பிக்கொள்கிறது. வாயு பின்னால் வர வழியில்லை. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்குகிறது, அதனால் வெளியே இழுக்க முடிகிறது. ரப்பர் வளையம் வெடிக்கு வெடி தேய்ந்துகொண்டு செய்த காவலை, கூடு ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறது. 100-க்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்ற கலவை இந்தக் குணத்துக்காகவே நிலைத்தது.

எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ‘சொல்தா’ என்போம். என் சிறு வயதில் எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். சுடும் பயிற்சி முடிந்ததும் தரையில் கிடக்கும் ‘தூய்’களை, அதாவது காலிக் கூடுகளை, ஒன்று விடாமல் பொறுக்கி எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்வார். “குண்டு போனால் போச்சு, தூய் குறைந்தால் தண்டனை” என்பார். கூட்டின் மதிப்பை நான் முதலில் அறிந்தது அவர் வாயால்தான்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம், ஏனென்றால் கூட்டை வீட்டில் மறுபடி நிரப்பும் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. அதற்கு ஒரு சிறு துளையும் காரணம். 1866-ஆம் வருடம் இரண்டு பேர் இரண்டு விதமான கேப்பு முறைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் அமெரிக்கர் பெர்டான். மற்றவர் இங்கிலாந்தின் உல்விச் ஆயுதசாலையைச் சேர்ந்த கர்னல் பாக்ஸர். கேப்பு வெடிக்க அதற்குப் பின்னால் ஒரு பட்டறைக்கல் போன்ற முனை வேண்டும். பெர்டான் அந்த முனையைக் கூட்டின் அடியிலேயே செய்தார். நடுவில் முனை நிற்பதால் நெருப்பு போகும் துளைகள் ஓரமாக அமைந்தன. பாக்ஸர் முனையைக் கேப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே ஒரு துளை போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கரின் முறையை ஐரோப்பியப் படைகள் எடுத்துக்கொண்டன. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸரின் சொந்த நாட்டுப் படையே பிறகு .303 தோட்டாவுக்குப் பெரும்பாலும் பெர்டான் முறையைத்தான் வைத்துக்கொண்டது. பாக்ஸர் கூட்டில் உள்ளிருந்து ஒரு கம்பியை நடுத்துளையில் விட்டுத் தள்ளினால் பழைய கேப்பு விழுந்துவிடும். பெர்டான் கூட்டில் அப்படி முடியாது, வெளியிலிருந்து நெம்பியெடுக்க வேண்டும். ஒரு துளை நடுவில் இருந்ததால் ஒரு தேசத்துக்கே இந்தக் கைத்தொழில் சுலபமாயிற்று.

1870-களில் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, கூடாரத்தில் இரவில் உட்கார்ந்து தோட்டா நிரப்பினார்கள். கடை பல நாள் பயணத் தூரம், தோட்டாவோ விலை அதிகம். அமெரிக்க ராணுவம் அப்போது பித்தளைக்குப் பதில் செம்புக் கூட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படைப்பிரிவு செவ்விந்தியர்களிடம் அழிந்தது. அதில் தப்பிய மேஜர் ரீனோ, சூடேறிய துப்பாக்கிகளில் செம்புக் கூடு சிக்கி வெளியே வராமல் போனதைப் பற்றி அடுத்த மாதமே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். 1980-களில் அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், சிக்கியதற்கான தடயமுள்ள கூடுகள் கொஞ்சம்தான் என்று கண்டார்கள். தோல்விக்குக் கூடு காரணமல்ல. ஆனால் செம்புக்குப் பித்தளை அளவுக்குச் சுருங்கி விடுபடும் குணம் இல்லை என்பது உண்மை. ராணுவமும் பின்னாளில் பித்தளைக்கு மாறிற்று.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். வெடித்த கூடு சுருங்குகிறது என்றேன், முழுவதும் சுருங்குவதில்லை. தான் வெடித்த அறையின் உருவத்தைச் சிறிது வைத்துக்கொள்கிறது. கழுத்தும் விரிந்துவிடுவதால் புதுக் குண்டு அதில் நிற்காது. ஆகவே நிரப்புமுன் கூட்டை ஓர் எஃகு அச்சுக்குள் தள்ளி இறுக்க வேண்டும். இந்த அச்சுக்கு ‘டை’ என்று பெயர்.

1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி, பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவி விற்றது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். கைப்பலம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அது கூட்டின் கழுத்தை மட்டும்தான் இறுக்கும். உடம்பு வெடித்த அறையின் உருவத்திலேயே இருக்கும். அதே துப்பாக்கியில் திரும்பப் போடுகிறவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிரான்ஸில் போல் வியேய் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்து, அதை வைத்து 1886-இல் லெபெல் ரைபிள் வந்தபின் உலகமெங்கும் அழுத்தம் ஏறியது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சுமார். அமெரிக்காவின் .30-06 தோட்டாவுக்கு இன்று வைத்திருக்கும் உச்சவரம்பு 60,000 பவுண்டு. அத்தனை அழுத்தத்தில் கூட்டின் உடம்பும் அறையை இறுகப் பிடிக்கும்படி விரியும். முழு உடம்பையும் இறுக்க வேண்டிய தேவை வந்தது.

அதற்கு மேசையில் முடுக்கிய நெம்புகோல் அழுத்தி வேண்டும். 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர், தன் தகப்பனாரின் சலவை நிலையத்தின் பின்னறையில் அச்சுகள் செய்யத் தொடங்கினார். யுத்த காலத்தில் குண்டு கிடைக்காமல், வீசி எறிந்த சிறு தோட்டாக் கூடுகளையே குண்டின் மேலுறையாக்கும் அச்சு அது. அவர் கம்பெனிதான் ஆர்.சி.பி.எஸ். என்று பெரிதாயிற்று. யுத்தம் முடிந்து உபரி மருந்து மலிவாகக் கிடைத்தபோது, வீடு திரும்பிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தார்கள். இப்போது கைப்பலம் தடையில்லை. தேவைக்கு மேல் இறுக்கும் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வந்தது.

ஒரு சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். அடி, உடம்பு, தோள், கழுத்து. ரைபிள் கூடும் அதே உருவம். அறைக்குள் கூடு எங்கே முட்டி நிற்கிறது என்பதற்கும் பூட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பிரெஞ்சில் ‘ஃபெய்யூர்’ என்பார்கள், ஆங்கிலத்தில் ஹெட்ஸ்பேஸ். அச்சு தோளை அளவுக்கு மீறிக் கீழே தள்ளிவிட்டால் கூடு அறைக்குள் தொளதொளவென்று நிற்கும். கேப்பில் அடி விழுந்ததும் முன்னால் நகரும். வெடித்ததும் முன்பாதி சுவரைப் பிடித்துக்கொள்ளும், பின்பாதி பூட்டை நோக்கித் தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவே, அடிக்குச் சற்று மேலே, பித்தளை இழுபடும். நாலைந்து முறை இப்படி ஆனால் அங்கே மெலிந்து, ஒருநாள் இரண்டாகும். 60,000 பவுண்டு வாயு சுடுபவன் பக்கம் வழி தேடும். ஷாஸ்போவின் பழைய வியாதியை மனிதன் தன் கையாலேயே திரும்ப வரவழைக்கிறான்.

நம் போலீஸ் நிலையங்களில் நிறையப் பார்த்த .303 ரைபிள் இதற்கு நல்ல உதாரணம். போர்க்களச் சேற்றிலும் தோட்டா தடையில்லாமல் நுழைய வேண்டும் என்று அதன் அறையைத் தாராளமாக வெட்டினார்கள். கூட்டை அடியிலுள்ள விளிம்பு பிடித்து நிறுத்துவதால் சிப்பாய்க்குக் குறையில்லை, அவன் ஒருமுறைதான் சுடுகிறான். அதே கூட்டை முழுதாக இறுக்கி மறுபடி மறுபடி நிரப்புகிறவனுக்கோ சில முறையிலேயே அடி விட்டுவிடும்.

என் தங்கை மகன் பிரான்ஸில் இருக்கிறான், துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினன். அவன் அச்சைப் பொருத்துவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெட்டியோடு வந்த தாளில், அச்சைக் கீழே தட்டும்வரை திருகி, அதற்கு மேல் இன்னும் சிறிது திருகு என்று போட்டிருந்தது. அவன் அப்படிச் செய்யவில்லை. அச்சை உயரத்திலேயே வைத்துத் தொடங்கினான். கூட்டின் கழுத்திலும் தோளிலும் மெழுகுவர்த்திப் புகையைப் பிடித்து, அச்சுக்குள் விட்டு எடுத்தான். கரி எதுவரை கலைந்திருக்கிறதோ அதுவரை அச்சு தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சிறிது சிறிதாகக் கீழே திருகி, ஒவ்வொரு தடவையும் காலிக் கூட்டைத் துப்பாக்கியில் போட்டு, பூட்டு லேசான பிடிப்போடு மூடுகிற இடத்தில் நிறுத்தி வளையத்தை முடுக்கினான். ஏன் தாளில் உள்ளபடி செய்யவில்லை என்று கேட்டேன். “மாமா, தாளில் இருப்பது எல்லாத் துப்பாக்கிக்கும். என்னிடம் இருப்பது ஒன்றுதானே” என்றான்.

அவன் திருகிய அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் இறங்கும். 36-இல் ஒரு பங்கு சுற்றினால் 0.05 மில்லிமீட்டர், நாம் எழுதும் தாளின் பாதித் தடிமன். கூட்டின் ஆயுள் அந்த அரைத் தாளில் நிற்கிறது. மெலிந்த கூட்டைக் கண்டுபிடிக்க அவன் வைத்திருந்த கருவியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்த்தி நுனியை வளைத்த ஒரு ஜெம் க்ளிப்! அதைக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கம் மேலும் கீழும் தடவினால் மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூடு குப்பைக்கு.

பித்தளை தனக்கு நேர்ந்ததை மறப்பதில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தால் சுடாத கூடுகளே விரிசல் விட்டிருக்கும். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். கூட்டை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை. இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைத் தணிப்பதே பரிகாரம். நம் கன்னார்கள் பித்தளையைத் தட்டும்போது நடுநடுவே நெருப்பில் காட்டுவதும் இந்தக் குணம் தெரிந்துதான்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். பொது உத்தரவு எல்லோருக்குமாக எழுதப்படுவது, அது இல்லாமல் அலுவலகம் நடக்காது. ஆனால் மனு கொடுத்தவர் ஒருவர், அவர் நிலைமை ஒன்று. உத்தரவை அவருக்குப் பொருந்துகிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல குமாஸ்தா என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். ஐடியல் கருவி கைப்பலக் குறைவால் கூட்டின் உடம்பைத் தொடாமல் விட்டது. அறுபது வருடம் கழித்து வந்த பெரிய அழுத்திகளுக்குப் பலம் இருந்தது, எங்கே நிறுத்துவது என்று சொல்லத் தெரியவில்லை. அதை ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியையும் தன் கூட்டையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்த அச்சின் தலையில் இருக்கும் முடுக்கு வளையம் அதற்காகத்தான் இருக்கிறது.